துத்தநாகம் வரைந்த எல்லை

நெப்போலியன் வீழ்ந்தபின் ஐரோப்பாவைப் பங்கிட்டுக்கொள்வதற்காக வியன்னா நகரத்தில் கூடிய ராஜதந்திரிகள், போலந்தையும் சாக்ஸனியையும் ரைன் நதிக்கரை நாடுகளையும் பற்றிய பெரிய வழக்குகளையெல்லாம் ஒருவாறு பேசித் தீர்த்துக் கோடு கிழித்துக் கொடுத்த பிறகும், ஆக்கன் நகரத்துக்குத் தென்மேற்கே இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய தொலைவில் கிடந்த ஒரு துண்டு நிலத்தை மட்டும் யாருக்கென்று சொல்ல முடியாமல் விட்டுப் போனார்கள். அதன் விஸ்தீரணம் சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர். ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 850. அதில் அப்போது இருந்தவை ஐம்பது வீடுகள். குடியிருந்த ஜனங்கள் 256 பேர். இவ்வளவு அற்பமான ஓர் இடத்தின்பேரில் நெதர்லாந்து அரசரும் பிரஷிய அரசரும் விட்டுக்கொடுக்க மறுத்ததற்குக் காரணம் பூமிக்கு அடியில் இருந்தது. அங்கே கெல்மிஸ் என்னும் கிராமத்தை ஒட்டி, துத்தநாகத்தின் கனிமக்கல் நிறைந்த ஒரு சுரங்கம் இருந்தது. ஜெர்மானியர் அதை ஆல்டன்பெர்க் என்றும், பிரெஞ்சுக்காரர் வியெய் மோந்தாஞ் என்றும் அழைத்தார்கள். இரண்டுக்கும் பழைய மலை என்றே பொருள்.

வியன்னாவில் எழுதப்பட்ட எல்லை விவரணை, இந்த ஓரிடத்தில் இருவிதமாக வியாக்கியானம் செய்வதற்கு இடங்கொடுக்கும்படி அமைந்துவிட்டது. சுரங்கத்தைத் தன் பக்கம் சேர்க்கும் வியாக்கியானத்தையே ஒவ்வொரு தரப்பும் சரியென்று சாதித்தது. சாமானியமான பேராசை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கனிமத்தை உருக்கி உலோகமாக்கும் உலைகள் லியேஜ் நகரத்தில் இருந்தன. அந்த நகரமோ நெதர்லாந்தின் பங்குக்குப் போயிருந்தது. கல் கிடைக்காவிட்டால் உலை எரியாது. பிரஷியாவின் பங்குக்கு வந்த ஆக்கன், ஸ்டோல்பெர்க் வட்டாரமோ பல தலைமுறைகளாக அதே மலையின் கல்லைக்கொண்டு பித்தளை செய்து ஜீவித்து வந்தது. ஆகவே இரண்டு பக்கத்திலும் நியாயம் பேசப் போதுமான அளவுக்குப் பசி இருந்தது.

இறுதியில், 1816ஆம் வருஷம் ஜூன் 26ந் தேதி ஆக்கனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி மோரெஸ்நெட் என்னும் பழைய கிராம வட்டம் மூன்று கூறுகளாகப் பிளக்கப்பட்டது. மேற்குக் கூறு நெதர்லாந்துக்கு, கிழக்குக் கூறு பிரஷியாவுக்கு, சுரங்கம் அடங்கிய நடுக்கூறு இருவருக்கும் பொது. நடுக்கூற்றை இரண்டு அரசர்களும் கூட்டாக நிர்வகிப்பது, அதற்குள் எவரும் படை வைப்பதில்லை, இறுதியான தீர்மானம் ஏற்படும் வரையில் இந்த ஏற்பாடு நீடிப்பது என்பவை ஷரத்துகள். தற்காலிகம் என்று எழுதப்பட்ட அந்த ஏற்பாடு நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது! பங்காளிகள் வழக்கில் சிக்கிய கிணற்றைப்போல, தண்ணீர் இறைக்கும் உரிமை எவருக்கு என்று தீராமலே, இறைக்கிறவன் மட்டும் இறைத்துக்கொண்டே இருந்தான். அந்த இறைக்கிறவன் யார் என்பதைப் பின்னால் காண்போம்.

வரைபடத்தில் அந்த நாடு நீண்டு ஒடுங்கிய ஒரு முக்கோணமாகக் காட்சியளித்தது. ஆக்கனிலிருந்து லியேஜுக்குப் போகும் ராஜபாட்டை அதன் அடிப்பக்கம். அந்தப் பாட்டையின் இரு புள்ளிகளிலிருந்து வடக்கே கிளம்பிய இரண்டு நேர்க்கோடுகள், மரங்கள் அடர்ந்த வால்ஸ் குன்றின் உச்சியில் போய்ச் சந்தித்தன. எல்லையை அடையாளம் காட்ட நாட்டப்பட்ட கற்கள் 60. வேடிக்கை என்னவென்றால், மோரெஸ்நெட் என்ற கிராமமே இந்த முக்கோணத்துக்குள் இல்லை. அது நெதர்லாந்துக் கூற்றில் போய்விட்டது. பெயர் ஓரிடத்திலும் ஊர் ஓரிடத்திலுமாக ‘நடுநிலை மோரெஸ்நெட்’ என்று சர்க்கார் காகிதங்களில் ஏறிய அந்தப் பிரதேசத்தின் உண்மையான ஊர் கெல்மிஸ்தான். 1830இல் பெல்ஜியர் கலகம் செய்து நெதர்லாந்தினின்று பிரிந்து தனி ராஜ்யம் அமைத்துக்கொண்டபோது, மேற்குப் பக்கத்துப் பங்காளியின் ஸ்தானம் பெல்ஜியத்துக்கு வந்து சேர்ந்தது; ஆனால் நெதர்லாந்து தன் பாத்தியதையை முறைப்படி கைவிட்டதாகவும் சொல்லவில்லை. அதுமுதல் வால்ஸ் குன்றின் உச்சியில் நெதர்லாந்து, பெல்ஜியம், பிரஷியா, நடுநிலை மோரெஸ்நெட் ஆகிய நான்கு எல்லைகள் ஒரே புள்ளியில் கூடின.

சுரங்கத்தின் கதை நாட்டின் கதையைவிட மிகப் பழையது. இந்தக் கல் மத்திய காலத்திலேயே வெட்டப்பட்டது. ஆனால் வெட்டியவர்களுக்கு அதில் துத்தநாகம் என்றொரு தனி உலோகம் இருப்பது தெரியாது. கல்லைப் பொடித்து, செம்பையும் கரியையும் சேர்த்து மூசையில் இட்டுக் காய்ச்சினால் செம்பு மஞ்சளாகிப் பித்தளையாகும் என்பது மட்டுமே அவர்கள் அறிந்தது. துத்தநாகத்தைத் தனியே பிரிப்பதில் உள்ள சங்கடம் அதன் சுபாவத்தில் இருக்கிறது. கல்லினின்று அது விடுபடும் சூட்டில் திரவமாக நிற்பதில்லை. ஆவியாகி மேலே கிளம்பி, காற்றுப் பட்டவுடன் வெண்பொடியாக எரிந்துபோகிறது. அந்த ஆவியைக் காற்றுப்படாமல் பிடித்துக் குளிரவைக்கும் வித்தையை நம் தேசத்தில், ராஜபுதனத்து உதயபூருக்கு அருகே ஜாவர் என்னுமிடத்தில், கவிழ்த்து வைத்த மண் கூஜாக்களைக் கொண்டு பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தொழிலாகச் செய்து வந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அது பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பெருந்தொழிலாயிற்று என்பதை இங்கே குறிப்பிடுவது பொருத்தமற்றதாகாது என்று நினைக்கிறேன்.

பழைய மலையின் கல்லிலிருந்து அந்த உலோகத்தை வாணிகத்துக்கு ஏற்ற அளவில் எடுத்தவர் லியேஜ் நகரத்து ரசாயனியான ஜான்-ஜாக் தானியேல் தோனி. நெப்போலியனுடைய சர்க்காரிடமிருந்து சுரங்கத்தின் குத்தகையை வாங்கி, பல வருஷம் சோதனை செய்து உலையை அமைத்து, அதற்கு உரிமைச் சாசனமும் பெற்றார். தம் உலோகத்தின் உபயோகத்தை மெய்ப்பிப்பதற்காகப் பேரரசருக்குத் துத்தநாகத் தகட்டால் செய்த ஒரு பிரயாணக் குளியல் தொட்டியைக் காணிக்கையாக அனுப்பினார்; அந்தத் தொட்டி இன்றும் லியேஜ் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. தொட்டி நிலைத்தது, தோனி நிலைக்கவில்லை. புதிய உலோகத்தை வாங்குவார் அதிகமில்லாத காலத்தில் அதிகமாக உற்பத்தி செய்த குற்றத்துக்காகக் கடனில் மூழ்கி, 1819இல் திவாலானவராகவே இறந்தார். அவருடைய பாத்தியதைகள் மோசெல்மன் என்ற வணிகரின் கைக்கு மாறின. அந்தக் குடும்பத்தார் 1837இல் பங்கு மூலதனம் திரட்டி ஸ்தாபித்ததுதான் வியெய் மோந்தாஞ் கம்பெனி.

கம்பெனி பிறந்த வேளை நல்ல வேளை. ஐரோப்பிய நகரங்கள் வீங்கத் தொடங்கியிருந்தன; ஈயத்தைவிட லேசாகவும் செம்பைவிட மலிவாகவும் உள்ள கூரைத்தகடு எல்லோருக்கும் தேவைப்பட்டது. பாரிஸ் நகரத்தை ஹௌஸ்மான் இடித்துக் கட்டியபோது எழுந்த சாம்பல் நிறக் கூரைகள், மழைநீர்த் தாரைகள், ஏழை வீட்டு வாளிகள், இரும்புக்குத் துருப்பிடிக்காமல் பூசும் பூச்சு, ஈய வெள்ளையின் விஷத்துக்கு மாற்றாக வந்த துத்தநாக வெள்ளை வர்ணம் ஆகியவை எல்லாம் கம்பெனிக்குச் சந்தையாயின. கெல்மிஸில் ஜனங்கள் மலையைத் திறந்த குழியாக வெட்டி, பிறகு ஆழ ஆழச் சுரங்கம் இறங்கினார்கள். வெட்டிய கல்லைத் தண்ணீரில் கழுவி மண்ணைப் போக்கி, சூளையில் வறுத்து எடை குறைத்து, ராஜபாட்டை வழியே வண்டிகளில் லியேஜுக்கு அனுப்பினார்கள். கழுவிய கல்லின் கழிவு சுற்றிலும் மேடுகளாகக் குவிந்தது. அந்த உலோக மண்ணில் சாதாரணப் புல்கூட முளைக்கத் தயங்கியது; ஆனால் அங்கே ஒரு மஞ்சள் வயலெட் பூச்செடி மட்டும் செழித்து வளர்ந்தது. கனிமம் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்தப் பூ சாட்சி சொல்லும். அந்த இனத்துக்குக் கனிமத்தின் பெயரையே தாவர சாஸ்திரிகள் இட்டிருக்கிறார்கள்.

இனி, நாட்டை ஆண்டது யார் என்ற விஷயத்துக்கு வருவோம். ஏட்டளவில் ஆண்டவர்கள் இரண்டு ராஜ கமிஷனர்கள். மேற்குத் தரப்பவர் வெர்வியே நகரத்துப் பெல்ஜிய உத்தியோகஸ்தர், கிழக்குத் தரப்பவர் ஆக்கன் பக்கத்துப் பிரஷிய உத்தியோகஸ்தர். இருவரும் ஊரில் வசித்ததில்லை. தங்கள் சொந்த உத்தியோகத்துக்கு மேல் ஒரு சில்லறைப் பொறுப்பாகவே இதையும் சுமந்தார்கள். அவர்கள் கூடி நியமித்த மேயர் ஒருவர் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தார். 1859இல் மேயருக்கு ஆலோசனை சொல்லப் பத்துப்பேர் கொண்ட ஒரு சபையும் ஏற்பட்டது. அந்தப் பத்துப்பேரையும் ஜனங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களும் நியமனம் பெற்றவர்களே. சட்டமோ, 1816இல் அங்கே என்ன அமலில் இருந்ததோ அதுவே, அதாவது நெப்போலியன் சட்டமே. அதை மாற்ற வேண்டுமானால் இரண்டு ராஜ்யங்களும் ஒப்ப வேண்டும். ஒப்பினால் எங்கே தன் உரிமை குறைந்துவிடுமோ என்று இரண்டும் அஞ்சின. ஆகவே சட்டம் உறைந்து போயிற்று.

இந்த உறைந்த சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் பெரிய அதிசயமாக வர்ணிப்பது வழக்கம். அதில் பாதி அதிசயம்தான் உண்மை. சிவில் சட்டத்தைப் பொறுத்தவரையில், பக்கத்துப் பிரஷிய ரைன் மாகாணமும் 1900 வரையில் நெப்போலியன் சட்டத்தின்படியே சொத்து வழக்குகளைத் தீர்த்து வந்தது; பெல்ஜியமும் அதையே வைத்துக்கொண்டிருந்தது. ஆகையால் நிலம் வாங்குவதிலும் கலியாணத்திலும் கெல்மிஸ்வாசி வேற்றுலகத்தில் வாழவில்லை. வித்தியாசம் தண்டனைச் சட்டத்தில்தான் உறைத்தது. பிரஷியா 1851இலும் பெல்ஜியம் 1867இலும் புதிய தண்டனைச் சட்டங்களை இயற்றிக்கொண்டு முன்னேற, நடு முக்கோணத்தில் மட்டும் 1810ஆம் வருஷத்துக் கடுமையான ஷரத்துகள் அப்படியே நின்றன. ஊரில் நீதிமன்றமும் கிடையாது. வழக்கு என்று வந்தால் அண்டை ராஜ்யத்து நீதிபதியைத்தான் நாட வேண்டும். அவர் தம் நாட்டில் வழக்கொழிந்த புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஜனங்களுடைய ஜீவனத்தில் கமிஷனர்களைக் காட்டிலும் கம்பெனியே பெரிதாக நின்றது. வேலை கொடுத்தது கம்பெனி. பெரும்பாலானவர்கள் குடியிருந்த வீடு கம்பெனியின் வீடு. சாமான் வாங்கிய கடை, பணம் சேமித்த பாங்கி, நோயாளி படுத்த ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் கம்பெனியின் கை இருந்தது. சம்பளம் கொடுத்தவனே வாடகைக்கும் சாமானுக்கும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டில் தொழிலாளிக்குப் பாதுகாப்பும் உண்டு, பிணைப்பும் உண்டு. இரண்டு அரசர்களுக்கும் இடமளிக்காமல் நின்ற ஓர் ஊர், அதே காரணத்தால் மூன்றாவது ஒருவருக்குத் தடையில்லாமல் இடமளித்தது என்பதே இந்தச் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க என் மனத்தில் உறுதிப்படும் அபிப்பிராயம். சுதந்திர பூமி என்று பத்திரிகைகள் கொண்டாடிய பிரதேசத்தில், ஒரு தொழிலாளி வேலையை இழந்தால் வீட்டையும் இழக்க வேண்டியிருக்கும் என்பதை யாரும் எழுதவில்லை.

அப்படியிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 256 பேர் இருந்த இடத்தில் 1858இல் 2,500க்கு மேல் ஆகிவிட்டது. முதல் உலக யுத்தம் தொடங்கும்போது 4,600ஐத் தாண்டிவிட்டது. வரி 1816ஆம் வருஷத்து விகிதத்திலேயே நின்றது. அதை உயர்த்துவதற்கும் இரண்டு ராஜ்யங்களின் சம்மதம் தேவை என்பதால், உறைந்த சட்டத்தால் ஏற்பட்ட தீங்குக்கு உறைந்த வரி ஒருவகைப் பரிகாரமாயிற்று. இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் சாமான்களுக்குச் சுங்கம் அற்பம். ஆகவே விலைவாசி குறைவு. சுரங்கத்திலோ கூலி அண்டைக் கிராமங்களைவிட அதிகம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. ராணுவ சேவை இல்லை! கட்டாயமாகப் படையில் சேர்க்கும் வழக்கம் ஐரோப்பா முழுவதும் வேரூன்றி வந்த காலத்தில், மகன் இருபது வயதை எட்டும்போது தாய் நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஊர் அது.

இந்தச் சலுகைக்கு ஆயுள் கம்மி. நடுநிலைப் பிரதேசத்துக்குக் குடிபோனவன் நடுநிலைப் பிரஜை ஆகிவிடுகிறானா என்ற கேள்வியைப் பெல்ஜியம் 1854இல் எழுப்பி, அங்கே குடியேறிய தன் பிரஜைகளைப் படைக்கு அழைத்துக்கொண்டது. பிரஷியாவும் 1874இல் அதையே செய்தது. மிஞ்சியவர்கள் 1816ஆம் வருஷத்து ஐம்பது வீட்டாரின் சந்ததியார் மட்டுமே. அவர்களுக்கு ‘நடுநிலையர்’ என்றே பெயர் வழங்கியது. எந்த ராஜ்யத்தின் பிரஜைகளும் அல்லர். எந்த அரசருக்கும் படைக்கடன் செலுத்த வேண்டியவர்களும் அல்லர். ஊரின் ஜனத்தொகை பெருகப் பெருக அந்தப் பழங்குடிகளின் விகிதம் குறைந்துகொண்டே வந்தது. யுத்த காலத்துக்கு முந்திய கெல்மிஸில், ஒரே தெருவில் ஒரே சுரங்கத்துக்கு வேலைக்குப் போகும் நான்கு அண்டை வீட்டாரில் ஒருவன் பெல்ஜியன், ஒருவன் ஜெர்மானியன், ஒருவன் டச்சுக்காரன், ஒருவன் மட்டும் எவனும் அல்லாதவன் என்றால் அது கற்பனையாகாது.

அன்றாட வாழ்க்கையில் இந்த விசித்திரம் பெரும்பாலும் பழகிப்போன சௌகரியமாகவே இருந்திருக்க வேண்டும். சட்டப்படி செல்லுபடியானது பிரெஞ்சு பிராங்கு; ஆனால் பிரஷிய, பெல்ஜிய, டச்சு நாணயங்களும் கடைக்காரர் பெட்டியில் கலந்து கிடந்தன. கம்பெனி மேலதிகாரிகளின் பாஷை பிரெஞ்சு. பள்ளியிலும் கோயிலிலும் ஜெர்மன் வழங்கிற்று. வீட்டிலும் சாராயக் கடையிலும் பேசியது இரண்டிலும் சேராத அந்த வட்டாரத்துப் பேச்சு. அது எல்லைக்கோட்டை ஒருபோதும் லட்சியம் செய்யவில்லை. கடிதம் வந்தால் பெல்ஜியத் தபால் வழியாகவும் வரலாம், பிரஷியத் தபால் வழியாகவும் வரலாம். கறுப்பு, வெள்ளை, நீலம் என்ற மூன்று வர்ணக் கொடி ஒன்றையும் ஊரார் பிற்காலத்தில் வைத்துக்கொண்டார்கள்.

சாராயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊரின் பொருளாதாரம் பூர்த்தியாகாது. வரி குறைந்த இடத்தில் மதுபானம் மலிவு என்பது பிரபஞ்ச நியதி. ஜின் என்னும் சாராயத்தைக் காய்ச்சும் வடிசாலைகள் ஊரில் நடந்தன. பிரதான வீதியில் மதுக்கடைகள் வரிசையாக நின்றன. சனிக்கிழமை மாலையில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்து குடித்துவிட்டுப் போனவர்கள் சட்டத்தை மீறவில்லை. ஆனால் குடித்தது போக மிச்சத்தைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு காட்டு வழியாக நெதர்லாந்துக்கோ பிரஷியாவுக்கோ நடந்தவர்கள் கள்ளக் கடத்தல்காரர்கள். அந்த வகையினரும் அங்கே ஏராளம். சுற்றிலும் மூன்று ராஜ்யங்களின் சுங்கக் காவலர்கள் நின்றார்கள். உள்ளே ஒழுங்கைக் காத்தவனோ ஊர்க் காவலன் ஒருவனே. அண்டை நாட்டுப் போலீஸ் துரத்திக்கொண்டு உள்ளே நுழைவதற்கும் சுலபத்தில் உரிமை இல்லாததால், கடன்காரனிடமிருந்து ஓடியவனும் படையிலிருந்து ஓடியவனும் இந்த முக்கோணத்தை நாடினார்கள். இதைக் கண்டு ஊருக்குக் கெட்ட பெயர் கட்டியவர்கள் உண்டு. ஆனால் விடியற்காலையில் சுரங்கத்தில் இறங்கி அந்தியில் ஏறிய ஆயிரக்கணக்கானவர்களே அந்த ஊர். ஓடிவந்தவர்கள் அதன் ஓரம்.

1885இல் சுரங்கம் வற்றிவிட்டது. எந்தப் பொருளுக்காக அந்த நாடு ஏற்பட்டதோ அந்தப் பொருள் தீர்ந்துபோன பிறகும் நாடு மட்டும் இன்னும் முப்பத்தைந்து வருஷம் உயிரோடிருந்தது. கம்பெனியைப் பொறுத்தவரையில் நஷ்டம் பெரிதல்ல. அது 1857ஆம் வருஷமே ஸ்வீடன் தேசத்தில் சுரங்கம் வாங்கி, தன் கிளைகளை எங்கெங்கோ பரப்பிக்கொண்டுவிட்டது. சுற்றுவட்டத்துச் சிறு சுரங்கங்களும் சில காலம் வேலை கொடுத்தன. ஆனால் ஊருக்கு எதிர்காலம் என்ன என்ற கவலை, இதுவரை அதைப் பற்றி யோசிக்க அவசியமில்லாதிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டது. தங்கள் விசித்திரமான அந்தஸ்தையே ஒரு முதலாக வைத்துப் பிழைக்க முடியாதா என்று அவர்கள் செய்த முயற்சிகள், இந்தச் சரித்திரத்தின் சுவாரசியமான பகுதி.

முயன்றவர்களில் முக்கியமானவர் கம்பெனியின் தலைமை வைத்தியரும், மேயருக்கு உதவியாளராக இருந்தவருமான டாக்டர் வில்ஹெல்ம் மோலி. தபால்தலை சேகரிப்பதில் மோகம் கொண்ட அவர், 1886இல் ஊருக்கென்று சொந்தத் தபால் ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தி, சொந்தத் தபால்தலைகளையும் அச்சிட்டு வெளியிட்டார். தபால் சர்க்காரின் ஏகபோகம் என்பது அங்கே அமலில் இருந்த பழைய பிரெஞ்சுச் சட்டத்தின் விதி. கமிஷனர்கள் அந்த விதியை எடுத்துக்காட்டிச் சில நாட்களுக்குள் ஸ்தாபனத்தை மூடிவிட்டார்கள். எழுபது வருஷம் யாரும் கை வைக்காத சட்டம் இப்படித் திடீரென்று விழித்துக்கொண்டதைக் கண்டு டாக்டருக்கு எரிச்சல் உண்டாகியிருக்கும். தபால்தலைகள் மட்டும் சேகரிப்பாளர்களுக்கு அரும்பொருளாயின.

அடுத்த யோசனை அவ்வளவு கௌரவமானதல்ல. பெல்ஜியம் தன் சூதாட்ட விடுதிகளை மூடிவிட்டதும், 1903 ஆகஸ்டில் கெல்மிஸில் ஒரு சூதாட்டசாலை திறக்கப்பட்டது. இருபது பேருக்கு மேல் ஒரே வேளையில் கூடக்கூடாது, உள்ளூரார் ஆடவே கூடாது என்ற நிபந்தனைகளோடு அது நடந்தது. பணக்காரரின் பணம் ஊருக்கு வரட்டும், ஏழையின் கூலி மட்டும் போகாதிருக்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டில் ஒரு விவேகம் இல்லாமல் இல்லை. ஆனால் ஜெர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்ம், சூது ஒழியாவிட்டால் பிரதேசத்தைப் பங்கிட்டுவிடுவதாகவோ பெல்ஜியத்துக்கே கொடுத்துவிடுவதாகவோ மிரட்டியவுடன் முயற்சி கைவிடப்பட்டது. ஏறக்குறைய தொண்ணூறு வருஷமாக எவரும் விட்டுக்கொடுக்க மறுத்த நிலத்தை ஒரு சூதாட்ட மேஜைக்காக விட்டுக்கொடுக்க ஒருவர் முன்வந்தார் என்பது, சுரங்கம் வற்றிய பிறகு அதன் மதிப்பு எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பதற்கு நல்ல அளவுகோல்.

மோலி சோர்ந்துவிடவில்லை. 1887இல் ஸாமென்ஹாப் என்னும் போலந்து நாட்டுக் கண் வைத்தியர் சிருஷ்டித்து வெளியிட்ட எஸ்பெராண்டோ என்னும் செயற்கைப் பொதுமொழி அப்போது ஐரோப்பாவில் பரவி வந்தது. எந்த ஜாதியாரின் சொத்தும் அல்லாத பாஷைக்கு, எந்த ராஜ்யத்தின் சொத்தும் அல்லாத நிலம் தாய்நாடாகட்டும் என்று மோலியும் குஸ்தாவ் ருவா என்னும் பிரெஞ்சு ஆசிரியரும் தீர்மானித்தார்கள். 1908 ஆகஸ்ட் 13ந் தேதி கெல்மிஸில் பெருங்கூட்டம் கூட்டப்பட்டது. நாட்டுக்கு ‘அமிகேயோ’ என்று நாமகரணம் செய்தார்கள். நண்பர்களின் இடம் என்று அதற்குப் பொருள். ஜெர்மானியருடைய கிறிஸ்துமஸ் மரப் பாட்டின் மெட்டில் தேசிய கீதமும் அமைந்தது. சுரங்கத் தொழிலாளிகளில் பலர் அந்தப் பாஷையைக் கற்க உட்கார்ந்தார்கள். உலகப் பத்திரிகைகள், புதிய எஸ்பெராண்டோ ராஜ்யம் உதயமாகிவிட்டதாக எழுதின. உண்மையில் கமிஷனர்கள் எப்போதும்போல் இருந்தார்கள், மேயர் எப்போதும்போல் கையெழுத்திட்டார். ராஜ்யம் ஒன்றும் உதயமாகவில்லை. ஆனாலும், தபால்தலையும் சூதாட்டமும் போன வழியில் இதையும் ஒரு வியாபாரத் தந்திரமாக மட்டும் கருதிச் சிரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. நான்கு நாட்டாரும் நான்கு நாணயமும் கலந்து புழங்கிய தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அந்த யோசனை மற்ற இடத்தாருக்குத் தோன்றிய அளவுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிராது.

இதற்கிடையே ஜெர்மனியின் போக்கு கடினமாகிக்கொண்டு வந்தது. நிர்வாகக் காரியங்களில் வேண்டுமென்றே தடை எழுப்பி, பிரச்னையைத் தன் பக்கம் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பேச்சுவார்த்தைகள் நடந்தன, முறிந்தன. 1914 ஆகஸ்ட் 4ந் தேதி ஜெர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது, அவை நடந்த பாதைகளில் கெல்மிஸின் பாட்டையும் ஒன்று. எவரும் படை வைக்கக்கூடாது என்ற 1816ஆம் வருஷத்து ஷரத்து அன்றோடு முடிந்தது. அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் பிரஷியா அந்தப் பிரதேசத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதாக அறிவித்தது. அதை உலகம் ஒப்புக்கொள்ளவில்லை. 1919இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 32ஆம் ஷரத்து, வழக்கிலிருந்த நிலம் முழுவதன்மீதும் பெல்ஜியத்துக்கே ஆதிபத்தியம் என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்தது. உடன்படிக்கை 1920 ஜனவரி 10ந் தேதி அமலுக்கு வந்தது. ஊராரின் அபிப்பிராயத்தை 1816இலும் ஒருவரும் கேட்கவில்லை, 1920இலும் கேட்கவில்லை.

பெல்ஜியப் பிரஜைகளானவர்களுக்குப் பெல்ஜிய வரியும் பெல்ஜியப் படைக்கடனும் வந்து சேர்ந்தன. அதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. 1940இல் ஹிட்லரின் ஜெர்மனி இந்த ஊரையும் சேர்த்து அந்த எல்லை வட்டாரத்தை விழுங்கியபோது, எந்த அரசருக்கும் படைக்குப் போகாத பரம்பரையின் பேரப்பிள்ளைகள் வசித்த தெருக்களிலிருந்து வாலிபர்கள் ஜெர்மன் படைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 1944இல் ஊர் மறுபடி பெல்ஜியத்தோடு சேர்ந்தது. இன்று அது பெல்ஜியத்தின் ஜெர்மன் பேசும் பகுதியில் ஒரு நகராட்சி. 1977இல், ஒரு காலத்தில் பிரஷிய மோரெஸ்நெட் என்று பெயர் பெற்றிருந்த கிழக்குக் கூறும் அதோடு இணைந்துவிட்டது. அறுபது எல்லைக் கற்களில் ஐம்பதுக்கு மேல் இன்னும் நிற்கின்றன. வால்ஸ் பக்கத்திலிருந்து குன்றின் உச்சிக்கு ஏறும் பாதைக்கு, அங்கே இப்போது மூன்று எல்லைகளே சந்தித்தாலும், நான்கெல்லைச் சாலை என்ற பெயர் மாறவில்லை.

கம்பெனியோ நாட்டைக் காட்டிலும் தீர்க்காயுசுடையதாக இருந்தது. நடுநிலைப் பிரதேசம் ஒழிந்து ஏறக்குறைய எழுபது வருஷம் தன் பெயரிலேயே வாணிகம் செய்து, 1989இல் யூனியன் மினியேர் என்னும் பெரிய உலோக ஸ்தாபனத்தோடு கலந்தது. பழைய மலை என்னும் பிரெஞ்சுப் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைத் தாங்கிய துத்தநாகக் கூரைத்தகடு இன்றும் ஐரோப்பியச் சந்தையில் விற்பனையாகிறது.